முற்றத்தில் நிரந்தர கிரில்: கடன் வாங்கிக் கட்டலாமா?

கேள்வி: பின்முற்றத்தில் மேடை கட்டி, கிரானைட் போட்டு, கேஸ் கிரில்லை அதற்குள்ளேயே பதித்துவிட வேண்டும் என்பது என் கணவரின் நெடுநாள் ஆசை. வந்திருக்கும் கொட்டேஷன் எங்கள் 4 மாத வீட்டுச் செலவுக்குச் சமம். எங்களிடம் இருப்பது 6 மாதச் செலவுக்கான சேமிப்பு. பாதியை அதிலிருந்து எடுத்து, மீதிக்குத் தனிநபர் கடன் வாங்கலாம் என்கிறார். "இது செலவு இல்லை, முதலீடு, வீட்டின் மதிப்பு கூடும்" என்று கட்டித்தருபவரும் சொல்கிறார். இப்போது சக்கரம் வைத்த சின்ன கிரில் ஒன்று இருக்கிறது. போன வருஷம் 9 முறை பற்றவைத்திருப்போம். என்ன செய்யலாம்?

பதில்: கட்டித்தருபவர் சொன்ன 'முதலீடு' என்ற வார்த்தையை முதலில் ஓரமாக வையுங்கள். வீட்டை விற்கும்போது வாங்க வருபவருக்கு அந்த மேடை பிடித்தால் கொஞ்சம் கூடக் கொடுப்பார். பிடிக்காவிட்டால் இடிக்கிற செலவைக் கழித்துக் கேட்பார். இது ஆசைக்குச் செய்கிற செலவு. அதில் தவறே இல்லை. ஆனால் ஆசைக்கான செலவைக் கடன் வாங்கிச் செய்வதுதான் இடிக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு 12% வட்டியில் 100 வாங்கி 36 மாதத்தில் அடைத்தால், மாதத் தவணை 3.32, மொத்தம் கட்டுவது ஏறக்குறைய 120. அதே 3.32-ஐ மாதாமாதம் எடுத்து வைத்தால், வட்டியே சேர்க்காமல் 31-வது மாதத்தில் 100 கையில் இருக்கும். போதாததற்கு, ஆபத்துக்கு வைத்த 6 மாதப் பணம் 4 மாதமாகக் குறையும் அதே நேரத்தில்தான் தவணையும் தொடங்கும். வேலைக்கு ஒரு சிக்கல் வந்தால் கிரானைட்டைப் பெயர்த்து விற்க முடியாது. ஆகவே கடனும் வேண்டாம், அந்த 6 மாதப் பணத்தில் கை வைக்கவும் வேண்டாம்.

ஆண்டுக்கு 9 முறை என்றால் 10 ஆண்டில் 90 முறை. 4 மாதச் செலவை, அதாவது சுமார் 120 நாள் செலவை, 90-ஆல் வகுத்தால் ஒவ்வொரு முறை பற்றவைக்கவும் ஒன்றேகால் நாள் குடும்பச் செலவுக்கு மேல் ஆகிறது. வாரம் ஒருமுறை என்றால் கால் நாளுக்கும் கீழே இறங்கிவிடும். அப்புறம் பேச்சே வேறு. எனவே மேடை வரப்போகிற அதே இடத்தில் இப்போதுள்ள கிரில்லை நிறுத்தி ஆறு மாதம் பயன்படுத்திப் பாருங்கள். புகை எந்த ஜன்னலுக்குள் போகிறது, உப்பு எடுக்க எத்தனை தடவை உள்ளே ஓடுகிறீர்கள் என்பதெல்லாம் காசு செலவில்லாமல் தெரிந்துவிடும்.

கொட்டேஷனையும் பிரித்துக் கேளுங்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்கிற கதை இங்கே அடிக்கடி நடக்கும். கிரில்லின் விலை பளிச்சென்று மேலே இருக்கும். காங்கிரீட் தளம், கேஸ் பைப், மின் இணைப்பு, கழிவுநீர்க் குழாய் எல்லாம் 'தனி' என்று அடியில் இருக்கும்.

நான் சொந்தக் காசில் படித்த பாடம் ஒன்றையும் சொல்கிறேன். கல் மேடை பல பத்தாண்டுகள் நிற்கும். உள்ளே இருக்கும் கிரில் அவ்வளவு நாள் உழைக்காது. எங்கள் வீட்டில் கிரில்லின் அளவுக்குக் கச்சிதமாகக் கிரானைட்டில் வெட்டி உட்காரவைத்தோம். ஏழாம் வருஷம் பர்னர் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. அந்த மாடலே இப்போது வருவதில்லை. புதியது இரண்டு விரற்கடை அகலம் அதிகம். வெட்டும்போது கிரானைட்டின் மூலை விரிசல் விட்டது. அதைச் சரிசெய்ய ஆன செலவு புது கிரில்லின் விலையைத் தாண்டியது. (என் மனைவி இன்றும் அந்த மூலையில் ஒரு பூந்தொட்டியை வைத்து மறைக்கிறார்.)

அதனால் என் யோசனை: பதிக்கவே பதிக்காதீர்கள். இரண்டு மேடைகளைத் தனித்தனியாகக் கட்டி, நடுவில் இடைவெளி விட்டு, சக்கரம் வைத்த நல்ல கிரில் ஒன்றை அங்கே தள்ளி நிறுத்துங்கள். பக்கங்களில் எவ்வளவு இடம் வேண்டும் என்று கிரில்லோடு வரும் கையேட்டில் இருக்கும். அதற்குமேல் கொஞ்சம் தாராளமாகவே விடுங்கள். பழுதானால் உருட்டி வெளியே எடுக்கலாம், வீடு மாறினால் கூடவே கொண்டுபோகலாம்.

இதைக் கட்டம் கட்டமாகவும் செய்யலாம். முதலில் தளம், காங்கிரீட் போடுமுன்பே கேஸுக்கும் மின்சாரத்துக்கும் வெறும் குழாயைப் புதைத்துவிடுங்கள், பின்னால் உடைக்க வேண்டியிருக்காது. பணம் சேர்ந்ததும் மேடைகள். கிரில் கடைசியில். வாங்கப் போகும்போது ஒரு காந்தம் எடுத்துப் போங்கள். எளிதில் துருப்பிடிக்காத 304 ரக எஃகில் அது பெரும்பாலும் ஒட்டாது. விலை குறைந்த, சீக்கிரம் துருப்பிடிக்கும் 430-இல் ஒட்டும்.

ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். சிலிண்டரை மேடைக்குள் வைப்பதானால் அந்த அறையின் அடிப்பகுதியில் காற்றுத் துளைகள் அவசியம். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும்.

ஒப்பந்தக்காரருக்குக் கடைசி 10 சதவீதத்தை நிறுத்தி வையுங்கள். கேஸைத் திறந்து, பைப்பின் இணைப்பு ஒவ்வொன்றிலும் சோப்புத் தண்ணீரைத் தடவி, குமிழி வரவில்லை என்று அவர் உங்கள் கண்முன் காட்டிய பிறகு கொடுங்கள்.