தாத்தாவுக்கு ஒரு உருளி கூட இல்லையா?

கேள்வி: எங்க கொள்ளுப்பாட்டி 1931-ல எழுதின உயிலோட நகல் பழைய டிரங்குப் பெட்டில கிடைச்சுது. நாலு பக்கமும் பாத்திரம் தான்! "எம் பேர் வெட்டிய தவலை 1, நிறை வீசை 3", "பசு வளர்த்து என் சொந்தத்தில் வாங்கிய அண்டா 1"ன்னு போகுது. ரெண்டு பொண்ணுங்களுக்கு முக்கால்வாசி, மருமகளுக்கு, அதாவது எங்க பாட்டிக்கு, ஒரு வெண்கல உருளியும் குத்துவிளக்கும், ஒரே புள்ளையான எங்க தாத்தாவுக்கு ஒன்னுமே இல்ல. வீட்டைப் பத்தி ஒரு வரி கூட இல்ல. அம்மா நம்மள ஒதுக்கிட்டாங்கன்னு தாத்தா சாகற வரைக்கும் புலம்பினாராம். அப்படி என்ன கோபம்? உருளில "மு"ன்னு வெட்டியிருக்கு, கொள்ளுத்தாத்தா இனிஷியல் "சா", அதுவும் புரியல.
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கோபமெல்லாம் இருந்திருக்காதும்மா, தாத்தா பாவம் சட்டம் தெரியாம புலம்பியிருக்கார். மொதல்ல வீட்டை எடுத்துக்குவோம். அது கொள்ளுப்பாட்டியோட வீடே இல்ல. அது குடும்பச் சொத்தா இருந்தா கொள்ளுத்தாத்தா கண்ணை மூடின அன்னைக்கே புள்ளைக்குப் போயிருக்கும், விதவைக்கு சோறு துணி, இருக்க ஒரு இடம், அவ்வளவு தான் கேக்க முடியும். புருஷன் சொத்துல விதவைக்கும் ஒரு பங்குன்னு சட்டம் வந்ததே 1937-ல, அதுவும் ஆயுசு வரைக்கும் அனுபவிக்கலாம், தன் இஷ்டத்துக்கு உயில் எழுத முடியாது. முழு உரிமை வந்தது 1956-ல தான். ஆக உங்க தாத்தா வீட்டையே வாங்கிட்டு உருளிக்கு அழுதிருக்கார்!

கொள்ளுப்பாட்டி கைல இருந்தது ஸ்த்ரீதனம் மட்டும். சீதனம்ங்கற நம்ம வார்த்தையே அதுலேர்ந்து வந்தது தான். கல்யாணத்துல அப்பா அம்மா, அண்ணன் தம்பி குடுத்த பாத்திரம் பண்டம் நகை எல்லாம் பொண்டாட்டியோட சொந்தம், அதை விக்கவோ குடுக்கவோ புருஷனைக் கேக்க வேண்டியதில்ல. உருளில இருக்கற "மு" பெரும்பாலும் அவங்க அப்பா பேரோட எழுத்தா தான் இருக்கும், பொறந்த வீட்டு சீர்ல வந்ததுன்னு உளியால புள்ளி புள்ளியா வெட்டி வெச்ச அத்தாட்சி. அண்டா கதை வேற. கல்யாணத்துக்கு அப்புறம் தானே உழைச்சு சம்பாதிச்சதுன்னா புருஷன் இருக்கற வரைக்கும் அவர் சம்மதம் வேணும், அவர் போனப்பறம் தான் முழுசா இவங்களுது. அதனால தான் "என் சொந்தத்தில் வாங்கிய"ன்னு தனியா எழுதி வெச்சிருக்காங்க, விவரமான பொம்பள!

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். அவங்க உயிலே எழுதலைன்னு வெச்சுக்கோங்க. மிதாக்ஷரம்ங்கற பழைய ஹிந்து சட்ட முறைப்படி அம்மாவோட ஸ்த்ரீதனம் மொதல்ல கல்யாணமாகாத பொண்ணுக்கு, அப்புறம் கட்டிக் குடுத்ததுல வசதி இல்லாத பொண்ணுக்கு, அப்புறம் வசதியான பொண்ணுக்கு, அப்புறம் பொண்ணு வயித்துப் பேத்தி, பேரன், இவங்க யாரும் இல்லேன்னா தான் புள்ளை. மருமக அந்த வரிசைலயே கிடையாது. பொண்ணுங்களுக்குக் குடுக்கறதுக்கு உயிலே வேண்டாம், தானா போயிருக்கும். அப்போ அவங்க மெனக்கெட்டு எழுதினது யாருக்காக? பொண்ணுங்களுக்குள்ள இன்னாருக்கு இன்னதுன்னு பிரிச்சு வைக்கவும் தான், ஆனா அந்த உயில் இல்லேன்னா கைக்கே வந்திருக்காத ஆள் உங்க பாட்டி ஒருத்தங்க தான். உருளியும் விளக்கும் தாத்தா வீட்டு அடுப்படிக்குத் தானே வந்துச்சு, அவர் எண்ணெய் ஊத்தி ஏத்தின விளக்கே அது தானோ என்னவோ.

வாயால சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதான்னு கேப்பீங்க. 1927-க்கு முன்னாடி மெட்ராஸ் பட்டணத்துக்கு வெளிய இருக்கற ஊர்கள்ல ஹிந்துக்கள் வாய்மொழியா சொன்னாலும் உயில் தான், ஆனா 1927 ஜனவரி 1-லேர்ந்து எழுத்துல இருக்கணும், ரெண்டு சாட்சி வேணும்னு ஆயிடுச்சு. 1931-ல வெறும் வாய்ப்பேச்சு செல்லாது.

நிறை எழுதினது கஞ்சத்தனம் இல்ல. ஒரு வீசைன்னா 40 பலம், இன்னைக்குக் கணக்குல 1.4 கிலோ, ஆக அந்தத் தவலை நாலு கிலோவுக்கு மேல. பித்தளையும் வெண்கலமும் அவசரத்துக்கு அடகு வைக்கற சொத்து, எடை எழுதலைன்னா கனமானது போய் மெல்லிசானது வந்து உக்காந்திருக்கும். நாத்தனாருங்க சண்டை எனக்குத் தெரியாததா!

உங்ககிட்ட இருக்கறது முழு நகலான்னு பாக்கணும்னா அந்த ஊர் சார்பதிவாளர் ஆபீஸ்ல விசாரிங்க. உயிலைப் பதிவு பண்ணனும்னு கட்டாயம் கிடையாது, ஆனா பண்ணியிருந்தா உயிலுங்களை ஏத்தற மூணாம் புத்தகத்துல ஏறியிருக்கும், எழுதினவங்க இறந்தப்பறம் யார் மனு போட்டாலும் நகல் தரணும். ஒன்னே ஒன்னு, ஹிந்து குடும்பம்னு வெச்சு தான் இவ்வளவும் சொன்னேன், கிறிஸ்தவங்களுக்கும் முஸ்லிம்களுக்கும் கணக்கு வேற.

அப்புறம் அந்த உருளியை புளி போட்டு நல்லா தேச்சுட்டு "மு"வுக்குப் பக்கத்துல வேற எழுத்து இருக்கான்னு பாத்து எழுதுங்க, எனக்கும் தெரிஞ்சுக்கணும் போல இருக்கு.