தனி அலுவலகம் நடத்தும் வழக்கறிஞர்களுக்கு: கேள்வி பதில்

சிங்கப்பூரில் சொந்தமாக அலுவலகம் வைத்திருக்கும், வைக்க நினைக்கும் தமிழ் வழக்கறிஞர்கள் கேட்டவை இவை.

செங்காங் வாசகி: அக்கா, நிறுவனத்தில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. தனியாகத் தொடங்கலாமா?

இன்னும் கொஞ்சம் பொறுங்கள்மா. குறைந்தது 3 வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும், அலுவலகம் நடத்துவதற்கான பயிற்சியையும் முடித்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதுவரை பில் போடவும் பாக்கியைக் கேட்டு வாங்கவும் பழகுங்கள். நன்றாக வாதாடுபவர்கள்கூட இதில்தான் தடுமாறுகிறார்கள்.

உட்லண்ட்ஸ் வாசகர்: வேலையிடத்தில் அடிபட்ட ஊழியர்களை அனுப்புகிறேன், ஆளுக்கு இவ்வளவு கமிஷன் தாருங்கள் என்கிறார் தேக்காவில் ஒருவர். "எல்லாரும் செய்வதுதானே" என்கிறார்.

தொடவே தொடாதீர்கள். கட்சிக்காரரைப் பிடித்துத் தருபவருக்குப் பணம் கொடுப்பது சட்டத்தொழில் சட்டத்தின் 83ஆவது பிரிவில் வரும் ஒழுங்கீனம். பெயரையே வழக்கறிஞர் பட்டியலிலிருந்து நீக்கலாம்; 5 வருடம் வரை தொழில் செய்யத் தடை போடலாம்; 100,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அந்தக் கமிஷன் கடைசியில் யார் தலையில் விழும் என்பதுதான். கை நசுங்கி, ஊருக்குப் பணம் அனுப்ப முடியாமல் டார்மிட்டரியில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர் தலையில்தான். புதிதாக யார் வந்தாலும், "உங்களை யார் அனுப்பினார்? அவருக்கு ஏதாவது கொடுத்தீர்களா?" என்று கேட்டுப் பதிலைக் கோப்பில் எழுதி வையுங்கள்.

பீஷான் வாசகர்: எத்தனையோ கூட்டங்களுக்குப் போய்ப் பெயர் அட்டை கொடுத்தாயிற்று. வேலை வரவில்லையே?

அந்த நேரத்தைச் சக வழக்கறிஞர்களிடம் செலவழியுங்கள். சொத்துத் தகராறில் அண்ணனுக்காக நிற்பவரிடம் தம்பியும் வந்தால் அவரால் எடுக்க முடியாது. வேறு யாரிடமாவது அனுப்பித்தான் ஆக வேண்டும். அப்போது உங்கள் பெயர் அவருக்கு ஞாபகம் வர வேண்டும். "எல்லாம் செய்வேன்" என்று சொல்லி வைத்திருந்தால் வராது. "உயில், புரொபேட் (உயிலை நிறைவேற்ற நீதிமன்றம் தரும் அனுமதி), எல்பிஏ (சுயமாக முடிவெடுக்க முடியாமல் போனால் நமக்காக முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் பத்திரம்) பார்க்கிறேன், தமிழிலேயே விளக்குவேன்" என்று சொல்லியிருந்தால் வரும். பீப்பிள்ஸ் பார்க் சென்டரில் எத்தனை சின்ன அலுவலகங்கள்! சேர்ந்து ஒரு மதியச் சாப்பாடு சாப்பிட்டாலே பேச்சு தொடங்கிவிடும். அப்புறம், ஒருவர் அனுப்பிய கட்சிக்காரரின் வேலை முடிந்ததும் அவரிடமே திருப்பி அனுப்புங்கள். மற்ற வேலைகளையும் வளைத்துப் போட்டால் அடுத்த ஆளை அனுப்பமாட்டார்.

தெம்பனிஸ் வாசகர்: ஃபேஸ்புக்கில் "90% வழக்குகளில் வெற்றி" என்று போடலாமா?

கூடாது. வெற்றி விகிதத்தைச் சொல்லி விளம்பரம் செய்ய 2015ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் இடமில்லை. எல்பிஏ என்றால் என்ன என்று தமிழில் ஒரு சின்ன வீடியோ போடுங்கள். அப்பா அம்மாவுக்கு அதைப் புரியவைக்கத் திணறும் பிள்ளைகள் பகிர்வார்கள்.

ஈசூன் வாசகி: நான் ஒருத்திதான். காய்ச்சலில் படுத்துவிட்டால்?

உங்களைப் போலவே தனியாக இருக்கும் ஒருவரிடம் இப்போதே பேசி வையுங்கள். உங்களுக்கு முடியாத நாளில் அவர் மென்ஷனுக்கு (வழக்கு நீதிமன்றத்தில் சுருக்கமாக அழைக்கப்படும் தவணைக்கு) நிற்கட்டும், அவருக்கு முடியாதபோது நீங்கள் நில்லுங்கள். கட்சிக்காரரின் சம்மதத்தை முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். இருவரும் எதிரெதிராக நிற்கும் வழக்குகளுக்கு மட்டும் மூன்றாவது ஆள் ஒருவரைப் பார்த்து வையுங்கள்.