அசுவினிக்கு நடுவே நெளியும் அந்தப் புழுவைக் கொல்லாதீர்கள்

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "மாடியில் நாற்பது பைகளில் அவரை, தட்டைப்பயறு, கத்தரி, மிளகாய் வைத்திருக்கிறேன். மார்கழியிலிருந்து அவரைக் கொழுந்தில் கறுப்பு அசுவினி, அதுதான் செடிப்பேன், அப்பிக் கிடக்கிறது. வாரம் ஒருமுறை வேப்பெண்ணெய் அடிக்கிறேன், நாலே நாளில் திரும்பி வந்துவிடுகிறது. இப்போது அதே கொழுந்தில் சின்னச் சின்னப் பச்சைப் புழுக்கள் வேறு. தேனீ மாதிரி ஒரு பூச்சி காற்றில் அசையாமல் நிற்கிறது. இவற்றுக்கும் சேர்த்து என்ன அடிப்பது? பொறிவண்டு வாங்கி விடலாமா?"

முதலில் ஸ்பிரேயரைக் கீழே வைத்துவிடுங்கள். நீங்கள் பார்த்த புழுவும் காற்றில் நிற்கும் பூச்சியும் பெரும்பாலும் ஒரே இனம்தான், பிள்ளையும் தாயும். மிதவை ஈ என்பார்கள், வேளாண்மைத் துறையினர் சிர்பிட் ஈ என்று சொல்வார்கள். தேனீ போல மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை இருந்தாலும் இது ஈ. தேனீக்கு நான்கு இறக்கை, இதற்கு இரண்டுதான். கொட்டாது. கொட்டும் பூச்சி என்று பறவைகள் பயந்து விலகட்டும் என்றுதான் அந்தப் பட்டை.

தாய் ஈ அசுவினி இருக்கும் கொழுந்தாகத் தேடிப் பிடித்து, குறுநொய் போன்ற வெள்ளை முட்டைகளை ஒவ்வொன்றாக வைத்துவிட்டுப் போகும். இரண்டு மூன்று நாளில் பொரிந்து வரும் புழுவுக்குக் காலும் கிடையாது, கண்ணும் கிடையாது. தலைப்பக்கத்தை இடமும் வலமுமாக ஆட்டித் தடவிப் பார்க்கும். அசுவினி தட்டுப்பட்டால் கவ்வித் தூக்கி, சாற்றை உறிஞ்சிவிட்டு வெறும் தோலைப் போட்டுவிடும். கூட்டுப்புழு ஆவதற்குள் ஒரே புழு நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்றுவிடும். லென்ஸ் வைத்து ஒருமுறை பாருங்கள், பிறகு அதை நசுக்கக் கை வராது.

இலை தின்னும் பச்சைப்புழுவோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதற்குத் தலையும் கால்களும் தெளிவாகத் தெரியும், இலையில் ஓட்டையும் எச்சமும் இருக்கும். மிதவை ஈயின் புழு முன்பக்கம் கூர்ந்து, உள்ளுறுப்பு தெரிகிற மாதிரி கண்ணாடித்தன்மையோடு அசுவினிக்கு நடுவிலேயே கிடக்கும். இலையைத் தொடவே தொடாது.

இதே மாதிரி ஆள் தெரியாமல் சாகிற நண்பர்கள் இன்னும் உண்டு. குட்டி முதலை போல, கறுப்பு உடம்பில் மஞ்சள் புள்ளிகளோடு ஓடுவது பொறிவண்டின் புழு. முடி போன்ற காம்பின் நுனியில் நிற்கும் முட்டை, கண்ணாடி இறக்கைப் பூச்சியுடையது. அசுவினிகளுக்குள் சில மட்டும் பழுப்பாக உப்பி அசையாமல் இருந்தால், அவற்றுக்குள் ஒட்டுண்ணிக் குளவியின் குஞ்சு வளர்கிறது. ஆனால் கத்தரியில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். அங்கே பளபளப்பு இல்லாமல், நிறையப் புள்ளிகளோடு, இலையைச் சல்லடையாக அரிக்கிற பொறிவண்டு போன்ற ஒன்று வரும். அது எபிலாக்னா வண்டு. அதையும் அதன் முள்முள்ளான மஞ்சள் புழுவையும் கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம்.

வேப்பெண்ணெய் ஏன் கைகொடுக்கவில்லை? அசுவினி இணை சேராமலே குட்டி போடும். அந்தக் குட்டி ஒரு வாரத்தில் தானும் குட்டி போடத் தொடங்கிவிடும். அதைத் தின்னும் பூச்சிகளோ முட்டை, புழு, கூடு என்று நிதானமாகத்தான் பெருகும். நேரடியாக மேலே பட்டால் வேப்பெண்ணெய் அவற்றின் புழுக்களையும் கெடுக்கும். நீங்கள் அடித்த ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கமும் அடிபட்டது, அசுவினி மட்டும் முந்திக்கொண்டு எழுந்தது.

சரி, இப்போது என்ன செய்வது? அதிகம் அப்பியிருக்கும் கொழுந்தில் மட்டும் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். விழுந்த அசுவினியில் பெரும்பாலானவை திரும்பி ஏறாது. அப்புறம் எறும்பு. அசுவினி கழிக்கும் இனிப்புக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கும், பொறிவண்டையும் மிதவை ஈயின் புழுவையும் விரட்டும். பைகளை ஸ்டாண்டில் ஏற்றி, கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். செடி சுவரில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே பாதி வேலை முடிந்துவிடும். கிண்ணத் தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டி மாற்ற வேண்டும், இல்லையென்றால் கொசு வந்துவிடும்.

ஒரு தட்டைப்பயறுச் செடியை அசுவினியோடு அப்படியே விட்டுவிடுங்கள். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் இரை இல்லாத இடத்தில் எந்தத் தாயும் முட்டை வைக்காது. வயல்களில் தட்டைப்பயற்றை வரப்புப் பயிராகப் போடுவது பொறிவண்டை வரவழைக்கத்தான்.

இன்னொன்று பூ. புழு அசுவினியைத் தின்றாலும், வளர்ந்த ஈ பெரும்பாலும் தேனையும் மகரந்தத்தையும்தான் உண்ணும். அதன் வாய் குட்டை, ஆழமான பூவுக்குள் எட்டாது. அதனால் கொத்தமல்லி, சோம்பு, கடுகு மாதிரி பொடிப்பூக்கள்தான் அதற்கு விருந்து. சமையலறைக் கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்து இரண்டு பைகளில் தூவுங்கள். ஒரு பையைக் கீரைக்குக் கிள்ளிக்கொள்ளலாம், மற்றதைப் பூக்க விடுங்கள். மூன்று வாரம் கழித்து இன்னொரு பை விதைத்தால் பூ தொடர்ந்து கிடைக்கும். துளசியின் கதிரை உடனே கிள்ள வேண்டாம். பை ஓரத்தில் தானாக முளைக்கும் மூக்குத்திப் பூண்டும் இருக்கட்டும். அடுக்குச் செண்டுமல்லி கண்ணுக்கு அழகு, ஆனால் இதழ்களுக்கு நடுவே ஈக்குத் தேன் எட்டாது.

மஞ்சள் ஒட்டுப்பொறி மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். மிதவை ஈக்கும் மஞ்சள் பிடிக்கும், ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும். வெள்ளை ஈ மிகுந்த நாட்களில் மட்டும் ஒரு வாரம் வைத்து எடுத்தால் போதும்.

பொறிவண்டு வாங்கும் செலவு உங்களுக்குத் தேவையே இல்லை. திறந்த மாடியில் விட்டால் பறந்துவிடும். வெளியிலிருந்து கொண்டுவந்து விடுவது வேறு மாதிரிச் சூழலுக்கு. 2008ல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி புகுந்து பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பரவியபோது அதைத் தாக்கும் எதிரி இங்கே இல்லை. 2010ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் என்ற சிறு குளவியைத் தருவித்து விட்ட பிறகுதான் அடங்கியது. உங்கள் மாடிக்கோ எதிரி ஏற்கெனவே வந்து முட்டையும் வைத்துவிட்டது.

பத்து நாள் பொறுங்கள். அதன் பிறகும் ஏதாவது கொழுந்து சுருண்டு கறுத்தால் அதை மட்டும் கிள்ளி எடுங்கள். கிள்ளியதைத் திருப்பிப் பார்த்து, புழுவோ சொட்டு வடிவக் கூடோ இருந்தால், அந்த இலையை அப்படியே தட்டைப்பயறுச் செடியின் மேல் வைத்துவிடுங்கள்.