புது சோனுக்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி (கல்லூரி மாணவர், கோபிசெட்டிபாளையம்): நானும் மாமா பையனும் ஒரே ஆன்லைன் ஃபேன்டசி கேமைத்தான் ரொம்ப நாளாக ஆடி வருகிறோம். அடுத்த எக்ஸ்பான்ஷனில், அதாவது தனியாக வாங்க வேண்டிய கூடுதல் பாகத்தில், புது சோன் (ஆடுவதற்கான புது நிலப்பகுதி) வருகிறது. ட்ரெய்லரில் பனிமலை, மிதக்கும் தீவு என்று அசத்தியிருக்கிறார்கள். சாதாரண எடிஷனைப் போல இரண்டு மடங்கு விலையில் ஒரு பெரிய எடிஷனும் இருக்கிறது. அதை வாங்கினால் மூன்று நாள் முன்னதாகவே உள்ளே போகலாம், கேமுக்குள் ஏறிச் சவாரி செய்ய ஒரு மவுண்டும் உண்டு. இப்போதே ப்ரீ-ஆர்டர் போட்டுவிடலாமுங்களா? நினைத்த மாதிரி இல்லையென்றால் பணம் திரும்ப வருமா?

பதில்: இப்போது வேண்டாம் தம்பி. டவுன்லோடு செய்கிற சரக்கு தீர்ந்துபோகாது. வெளியாகிற அன்று வாங்கினாலும் உங்களுக்குக் கிடைப்பது அதே சோன்தான்.

ட்ரெய்லரையும் அறிவிப்பு விழாவையும் நம்பி ஆசையை வளர்த்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற ஆன்லைன் கேமிலேயே கதை இருக்கிறது. 2013 நவம்பரில் 'வார்லார்ட்ஸ் ஆஃப் ட்ரேனார்' எக்ஸ்பான்ஷனை அறிவித்தபோது ஃபராலோன் என்ற சோன் பிறகு திறக்கும் என்றார்கள். கராபோரும் பிளேட்ஸ்பயரும், ஆடுபவர்கள் பிரிந்து நிற்கும் இரு தரப்புக்கும் தலைநகரங்கள் என்றார்கள். 2014 நவம்பர் 13 அன்று எக்ஸ்பான்ஷன் வந்தது. தலைநகரங்கள் ஆஷ்ரான் தீவுக்கு மாறியிருந்தன. ஃபராலோன் கடைசி வரை வரவே இல்லை. 2015 ஜூனில் டனான் காடு என்ற சோன்தான் வந்தது. வெளியான புதிதில் 1 கோடியைத் தாண்டிய சந்தாதாரர் எண்ணிக்கை 2015 நடுவில் 56 லட்சத்துக்கு இறங்கியது. வராத சோன் ஒன்றே அதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கதையை முடித்துவிட்டு, அடுத்து செய்ய வேலையில்லாமல் நின்றவர்கள் அதில் ஏராளம்.

அதனால் வாங்கும் பக்கத்தில் எழுத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வெளியாகும் அன்று எத்தனை சோன், எத்தனை டன்ஜன் (சிறு குழுவாக நுழைந்து ஆடும் இடம்), ரெய்டு (பெரிய குழுவாக ஆடும் சண்டை) எப்போது திறக்கும், லெவல் எதுவரை ஏறும்? 'பின்னர் வரும்' என்று போட்டிருப்பதற்கு மனசுக்குள் விலை வைக்காதீர்கள். என்னைக் கேட்டால், கதை முடிந்த பிறகு அந்த சோனுக்குத் திரும்பப் போக என்ன காரணம் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் முக்கியமான கேள்வி. பனிமலையை ஒரு வாரம் ரசிக்கலாம். ஈரோடு மண்டியில் விரலி மஞ்சளை உடைத்து நிறம் பார்க்காமல் யாரும் விலை கேட்க மாட்டார்கள். இங்கே உடைத்துப் பார்க்க வழி, முதல் வாரத்தில் யாராவது வெட்டாமல் போடும் ஆட்ட வீடியோ. அரை மணி நேரம் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

அந்த மூன்று நாள் சமாச்சாரத்துக்கு வருவோம். 2024 ஆகஸ்டில் அதே வார்கிராஃப்டின் 'த வார் விதின்' எக்ஸ்பான்ஷன் வந்தபோது உயர்ந்த எடிஷன் வாங்கியவர்கள் 22-ஆம் தேதியே நுழைந்தார்கள், மற்றவர்கள் 26-இல். ஆனால் முதல் ரெய்டு எல்லோருக்கும் சேர்த்து செப்டம்பர் 10-இல்தான் திறந்தது. முன்னால் போனவர்கள் லெவலை முன்னால் ஏற்றினார்கள், அவ்வளவுதான். இதற்கு இரட்டை விலை அதிகம் என்பதே என் கருத்து.

இதில் இன்னொரு சிக்கல் ரீஃபண்ட், அதாவது பணத்தைத் திரும்ப வாங்குவது. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் ப்ரீ-ஆர்டர் போட்டால், வெளியாகும் முன் எப்போது வேண்டுமானாலும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வெளியான பிறகு 14 நாள், அதிலும் ஆடியது 2 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். 2024 ஏப்ரலிலிருந்து, முன்னதாக நுழைந்து ஆடும் நேரத்தையும் அந்த 2 மணி நேரத்தில் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். அதாவது அதிகப் பணம் கொடுத்து மூன்று நாள் முன்னால் போனவர், மற்றவர்கள் நுழைவதற்குள்ளேயே ரீஃபண்ட் உரிமையை ஆடித் தீர்த்திருப்பார். கேம் நிறுவனத்தின் சொந்தக் கடையில் வாங்கினால் விதி வேறு; பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள். கைக்கு வந்த மவுண்டைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டுப் பணத்தைக் கேட்பதும் தகராறில் முடியும்.

சட்டம் கை கொடுக்குமா என்றால், சோன் சலிப்பாக இருக்கிறது என்பதற்குக் கொடுக்காது. விற்பனைப் பக்கத்தில் உறுதியாகச் சொன்ன ஒன்று வராமலே போனால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறான விளம்பரம் என்று புகார் செய்ய இடம் உண்டு. அதற்காகவே அந்தப் பக்கத்தை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பக்கங்கள் சத்தமில்லாமல் மாறும். முதலில் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிடுங்கள். வழக்கு என்று போனாலும் நீங்கள் குடியிருக்கும் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம், நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை.

கேள்வி (தாய் ஒருவர், அவிநாசி): புது சோன் வருகிறது என்று மகன் ஆசையாகக் கேட்டதால் என் கார்டில் மாதச் சந்தா போட்டுக் கொடுத்தேன். ஒரு மாதத்திலேயே ஆடுவதை விட்டுவிட்டான், கேமையும் அழித்துவிட்டான். பணம் மட்டும் மாதா மாதம் போய்க்கொண்டே இருக்கிறது. எப்படி நிறுத்துவது?

பதில்: கம்ப்யூட்டரிலிருந்து கேமை அழித்தால் சந்தா நிற்காதுங்க அம்மா. பையனை உட்கார வைத்து, அவனுடைய கேம் கணக்கில் நுழைந்து சந்தாவை ரத்து செய்யச் சொல்லுங்கள். ரத்து ஆனதற்கு வரும் மெயிலை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் உங்கள் வங்கி ஆப்பில் மாதா மாதம் தானாகப் பணம் பிடிக்கும் அனுமதியையும் நீக்கிவிடுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் உங்களுக்குத் தகவல் வர வேண்டும். ஓடிபி, விளம்பரம் என்று குவியும் மெசேஜுக்கு நடுவே அது கண்ணில் படாமல் போயிருக்கலாம், தேடிப் பாருங்கள். நிறுத்தும் வழியை வேண்டுமென்றே சுற்றி வளைத்து ஒளித்து வைத்திருந்தால், 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் அதைச் 'சந்தாப் பொறி' என்றே தடை செய்திருக்கின்றன. 1915-இல் அதையும் சொல்லுங்கள்.

கேள்வி (பொள்ளாச்சி): என் லேப்டாப்பில் பழைய ஹார்ட் டிஸ்க்தான் இருக்கிறது. பெரிய எடிஷன் வாங்கினால் புது சோன் நன்றாக ஓடுமா?

பதில்: எடிஷனுக்கும் ஓட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' இப்போது எஸ்எஸ்டி (பழைய ஹார்ட் டிஸ்கைவிட வேகமான டிஸ்க்) கேட்கிறது. அந்தக் கூடுதல் பணத்தை எஸ்எஸ்டியில் போடுங்கள், மற்ற வேலைக்கும் ஆகும். சர்வர் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். உதாரணத்துக்கு, 'கில்ட் வார்ஸ் 2' என்ற இன்னொரு ஆன்லைன் கேமின் சர்வர்கள் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும்தான் இருக்கின்றன. பொள்ளாச்சியிலிருந்து பிங் (சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் தாமதம்) எவ்வளவு வருகிறது என்பதை, அதன் இலவசப் பதிப்பை இறக்கி நீங்களே ஆடிப் பார்த்துவிடலாம்.