பச்சையம் இல்லாத செடிக்குப் படியளப்பது யார்?

கேள்வி: சிக்கிம் மலைப்பாதையில், இலையே இல்லாமல் மெழுகில் வார்த்ததுபோல ஒரு வெள்ளைச் செடியைப் பார்த்தேன். மோனோட்ரோப்பா என்றார்கள். பள்ளியில் இதை மட்குண்ணி என்று படித்த நினைவு. மட்கைத் தின்றா வாழ்கிறது?

பதில்: பாடத்தில் இருந்தது தவறு. பூக்கும் தாவரம் எதுவும் மட்கை நேரடியாகச் செரிப்பதில்லை. மோனோட்ரோப்பாவின் வேர்கள் குட்டையானவை, தொட்டால் ஒடிபவை. அந்த வேர்க்கொத்தின் மேல் ருசுலா குடும்பக் காளானின் இழைகள் உறைபோலப் படர்ந்திருக்கும். அதே இழையின் மறுமுனை பக்கத்து ஓக் அல்லது பைன் மரத்தின் வேரில் இருக்கும். மரம் பூஞ்சைக்குச் சர்க்கரை தருகிறது. பூஞ்சை மரத்துக்குத் தண்ணீரும் பாஸ்பரசும் தருகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலின் நடுவே புகுந்து சர்க்கரையை உறிஞ்சுகிறது மோனோட்ரோப்பா. 1960இல் சுவீடனின் எரிக் பியோர்க்மான், கதிரியக்கக் கார்பன் கொண்ட குளுக்கோசை மரத்தில் ஏற்றினார். பிறகு அது அருகிலிருந்த இதன் உறவுச் செடியில் வந்து சேர்ந்தது. ஆகவே பிடுங்கிவந்து தொட்டியில் நட்டால் பிழைக்காது. மரமும் பூஞ்சையும் கூடவே வராதே!

கேள்வி: பூஞ்சையை ஏமாற்றுவதுபோல் பூச்சிகளையும் ஏமாற்றுமா?

பதில்: மோனோட்ரோப்பா அந்த விஷயத்தில் நாணயமான செடி. பூவில் தேன் உண்டு. பம்பிள் தேனீக்கள் வருகின்றன. கவிழ்ந்திருக்கும் பூ, காய் பிடிக்கும்போது நிமிர்ந்துவிடும். நிமிர்ந்ததைப் பூ என்று படமெடுப்பவர்கள் பலர். ஆனால் இதேபோலப் பூஞ்சையை நம்பி வாழும் ஆர்க்கிடுகளில், இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் உள்ள காஸ்ட்ரோடியா ஒன்று புளித்த பழத்தின் வாசனையால் பழ ஈக்களை இழுக்கிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உள்ள எபிப்போஜியம் ரோசியம் என்ற ஆர்க்கிடு பூச்சிக்காகக் காத்திருப்பதில்லை, தன் மகரந்தத்தாலேயே காய்த்துவிடும்.

கேள்வி: தியன்மா என்ற சீன மருந்துக் கிழங்கைக் கொடைக்கானலில் பயிரிடலாமா?

பதில்: இதுவும் காஸ்ட்ரோடியாதான். சீனாவில் இதைப் பயிரிடுகிறார்கள்; இதற்கு இரண்டு பூஞ்சைகள் வேண்டும். விதை தூசியளவு, முளைக்கு உணவாகும் முளைசூழ்தசை கிடையாது. மைசீனா பூஞ்சை படர்ந்த இலைகளின் மேல் தூவினால்தான் முளைக்கும். முளைத்ததும் ஆர்மில்லேரியா பூஞ்சை கிடைக்காவிட்டால் குருத்து பட்டுப்போகும். அதற்காக ஓக் கட்டைகளின் பட்டையில் மீன்செதில்போல வெட்டுப் போட்டு, அந்தப் பூஞ்சையை ஏற்றிப் புதைப்பார்கள். 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் உகந்தது. 30ஐத் தாண்டினால் பூஞ்சை முடங்கும். மண் மணற்பாங்காக இருக்கவேண்டும், நீர் தேங்கக் கூடாது. விதை வேண்டுமென்றால் பூக்களுக்குக் கையாலேயே மகரந்தம் தடவுகிறார்கள்.

பயிர் கெடுவது பெரும்பாலும் அறுவடை தாமதிக்கும்போதுதான். இலையுதிர்காலத்தில் கிழங்கின் வளர்ச்சி நின்று, மண்ணும் ஈரமாக இருந்தால், அதுவரை ஊட்டிய பூஞ்சையே கிழங்கைத் தின்னத் தொடங்கும். ஆர்மில்லேரியா மரங்களுக்கு வேரழுகல் நோயும் உண்டாக்கும். பழத்தோட்டங்கள் அருகில் உள்ள கொடைக்கானல் போன்ற இடத்துக்கு அதைக் கொண்டுவருவதை நாங்கள் ஆதரிக்கமாட்டோம்.

கேள்வி: மழைக்காலப் புல்வெளியில் இலையில்லாமல் ஊதாப்பூ பூக்கும் ஏஜினீஷியாவும் இந்த வகையா?

பதில்: இல்லை. அதற்கு இடைத்தரகர் தேவையில்லை. புல்லின் வேரில் நேரடியாக உறிஞ்சுறுப்பைச் செருகும் வேர் ஒட்டுண்ணி அது. கரும்பையும் தாக்கும், வயலில் கண்டால் விதை சிந்துமுன் பிடுங்கிவிடுங்கள்.