வந்த பிடாரியும் ஊர்ப் பிடாரியும்

அன்புள்ள ஐயா,

நான் குன்னூர்க்காரன். மெல்பர்னுக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. எங்கள் ஊரில் வாட்டில் என்றால் சீகை மரம். சோலையையும் புல்வெளியையும் விழுங்கிய மரம். இங்கே பக்கத்து வீட்டுப் பெரியவர், “தோட்டத்தில் ஒரு வாட்டில் வை” என்கிறார். கை வர மறுக்கிறது. வைக்கலாமா?

க.

அன்புள்ள க.,

தாராளமாக வையுங்கள். பட்டைக்கும் விறகுக்கும் என்று நீலகிரிக்குக் கொண்டுபோன கறுப்பு வாட்டில், இந்தப் பக்கத்து மரம்தான். இங்கே அதைத் தின்னப் பூச்சிகள் உண்டு, அடங்கி நிற்கிறது. அங்கே அது வந்த பிடாரி. ஆஸ்திரேலியாவுக்குள்ளேயே இந்தக் கூத்து நடந்திருக்கிறது. நியூ சவுத் வேல்ஸில் கூட்டமண்ட்ரா ஊர்ப் பக்கத்து வாட்டில் வகை ஒன்று; அதன் வெள்ளி நிற இலைக்கு மயங்கி எல்லோரும் வாங்கி வைத்தார்கள். இன்று நம் மெல்பர்ன் இருக்கும் விக்டோரியாவில் அது களை. அதனால் கடைச் சீட்டில் ‘ஆஸ்திரேலிய மரம்’ என்று இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். உங்கள் வட்டாரத்து மரமா என்று கேளுங்கள்.

என்னிடம் இருப்பது கோல்டன் வாட்டில். 1988-ல் தேசிய மலராக அறிவித்தார்களே, அதுதான். விதையின் மேல் கொதிக்கும் நீரை ஊற்றி ஒரு இரவு ஊற விட்டேன். உப்பியவை முளைத்தன, உப்பாததற்கு மறுபடியும் வெந்நீர். முதலில் வருவது நம் வேலங்கன்று மாதிரி சிறகிலை. அப்புறம் காம்பு தட்டையாகி அதுவே இலை வேலையைப் பார்க்க ஆரம்பிக்கும். நடுவில் சில நாள், ஒரே காம்பில் அடிப்பக்கம் தட்டையாகவும் நுனியில் சிறகாகவும் நிற்கும். காலைக் காப்பியோடு அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

முதல் மரத்தைக் கொன்றது நான்தான். தக்காளிக்குப் போல கோழி எரு, தினமும் தண்ணீர். மளமளவென்று என் தலையைத் தாண்டியது. மூன்றாம் வருடம் ஆகஸ்ட் காற்றில் பூவோடு சாய்ந்தது. பார்த்தால் வேர் ஆழம் போகவே இல்லை. துவரை, அவரை போல வேர்முடிச்சில் நைட்ரஜன் பிடிக்கும் மரத்துக்கு எரு எதற்கு? முதல் கோடையில் மட்டும் வாரம் ஒரு முறை நன்றாக நனையுங்கள், போதும். களிமண் என்றால் மேடு கட்டி நடுங்கள், தண்ணீர் தேங்கக் கூடாது.

பூ முடிந்ததும் நுனிகளை நறுக்கலாம். முற்றிய கட்டையில் கத்தி வைத்தால் பெரும்பாலும் துளிர்க்காது. எப்படிப் பார்த்தாலும் ஆலமரம் போல நிற்கும் ஆயுள் இதற்கில்லை. பதினைந்து, இருபது வருடம் நின்றால் சந்தோஷப்படுங்கள்.

கடைக்குப் போக வேண்டாம். டிசம்பரில் எங்கள் மரத்தில் காய் வெடிக்கும். ஒரு பையோடு வாருங்கள்.