எதைச் செலவழித்து முன்னேறினோம்? – வேலூர் வட்டாரக் கேள்விகளும் பதில்களும்

காட்பாடி கல்லூரி மாணவி: சார், மனித மேம்பாட்டுக் குறியீடு இருக்கும்போது வளத்தைப் பயன்படுத்துவதில் நாடுகளின் திறனைத் தனியாக ஏன் அளக்க வேண்டும்?

ஐ.நா. வெளியிடும் அந்தக் குறியீடு 1990 முதல் ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் பார்க்கிறதம்மா. அதற்கு எவ்வளவு வளம் செலவானது என்று கேட்காது. ஒரே அளவு நெல்லை ஒருவர் பாதித் தண்ணீரில் எடுத்தால் அவரைத்தானே கெட்டிக்காரர் என்போம்? ஐ.நா.வின் 2020 மனித மேம்பாட்டு அறிக்கையில் நார்வே முதலிடம். தலைக்கு எவ்வளவு கரிவளி (கார்பன் டை ஆக்சைடு), எவ்வளவு மூலப்பொருள் என்று சேர்த்துப் பார்த்ததும் 15 இடம் இறங்கிவிட்டது.

ஆரணி ஆசிரியர்: ஏழை நாட்டையும் பணக்கார நாட்டையும் ஒரே தராசில் நிறுத்தலாமா?

அதற்காகவே ஒரு கணக்கு முறை உண்டு ஐயா. சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1978-இல் கொடுத்தது. எந்த அம்சத்துக்கு எவ்வளவு எடை என்பதை ஒவ்வொரு நாட்டுக்கும் சாதகமாகவே வைத்துப் பார்க்கும். முழு மதிப்பெண் 1. அப்படியும் 0.8 வந்தால், 80 சதவீத வளத்திலேயே இதே பலனை எடுத்திருக்கலாம் என்று பொருள். ஆனால் 1 வாங்கிய நாட்டில் மக்கள் நன்றாக வாழ்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மிகக் குறைவாகச் செலவழித்த ஏழை நாடும் 1 வாங்கலாம்.

ஆம்பூர் வாசகர்: அண்ணா, இங்கே தைக்கிற ஷூவை ஐரோப்பாவில் போடுகிறார்கள். மாசு யார் கணக்கில்?

மனதை உறுத்தும் கேள்வி தம்பி. மூலப்பொருள் கணக்கு, பொருளை வாங்கிப் பயன்படுத்தும் நாட்டின் மேல் ஏறும். நான் சொன்ன அறிக்கையில் கரிவளி, உற்பத்தி செய்யும் நாட்டின் மேல். பாலாற்றில் இறங்கிய உப்பும் குரோமியமும் அதில் எங்குமே வராது.

தோல் ஆலைக் கழிவு பற்றிய நம் ஊர் வழக்கையே எடுங்கள். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்பதை நாட்டின் சட்டமாக ஏற்றது. ஒவ்வொரு தோல் பதனிடும் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர், பாழான நிலம் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. ஏற்றுமதி டாலரை மட்டும் எண்ணினால் நாம் திறமைசாலிகள். இந்த நிலத்தையும் செலவில் எழுதினால் அந்தப் பெயர் நிற்காது. எழுதித்தான் ஆக வேண்டும் என்பேன்.

வாலாஜாபேட்டை வாசகி: நம் மாவட்டங்களையும் இப்படி ஒப்பிடலாமா?

தாராளமாக. மத்திய அரசின் நிதி ஆயோக் 2018 முதல், நிலையான வளர்ச்சி இலக்குகளை எவ்வளவு எட்டின என்று மாநிலங்களுக்கு மதிப்பெண் தருகிறது, ஆனால் அது அடைந்ததைத்தான் பார்க்கிறது. நாம் செய்தால், கிணற்று நீரின் உப்பளவை அட்டவணையின் முதல் பத்தியில் வைப்போம்.